பதினேழாவது நோயாளி

ப்ரீதி, உங்கள் மேஜையில் இருக்கும் அந்தச் சின்னக் கள்ளிச் செடிக்கு நீங்கள் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதும். போன வாரம் உங்கள் அறையில் உட்கார்ந்திருந்தபோதே சொல்ல நினைத்தேன். நீங்கள் கேள்விகளில் மும்முரமாக இருந்தீர்கள்.

விளக்கத்தை எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் கொடுத்தால் மேலே நாலு பேர் திருத்தி அதை வேறொன்றாக்கிவிடுவார்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் கோயம்புத்தூர்க்காரர், படித்துவிடுவீர்கள். புனேயில் கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டுப் பேச்சோடு சரி. ஆனால் எங்கள் சர்ச்சில் ஞாயிறு பள்ளியில் வசனங்களைத் தமிழில் எழுதவைப்பார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவள் என் தோழி பெட்டி. அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. டீச்சர் அவள் நோட்டைத்தான் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார்.

தர ஆய்வில் நீங்கள் கண்டுபிடித்தது உண்மை. பதினெட்டு நோயாளிகளின் செல்களை, அங்கீகாரம் பெற்ற செய்முறையை மீறி, எனக்குத் தெரிந்த வேறு முறையில் வளர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதவும் இல்லை. "ஏனுங்க மேடம் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சில பக்கங்கள் கழித்துத் தேவைப்படும்.

இதைப் போலீஸ் படிக்கலாம், மொழிபெயர்ப்பவர்கள் படிக்கலாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

நம் வேலை எளிமையானது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை எடுக்கிறோம். உடம்பில் எதிரியைத் தேடிக் கொல்லும் செல்கள் அவை. புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஒரு மரபணுவை அவற்றுக்குள் செலுத்துகிறோம். ஒரு பையில் ஊட்டத் திரவம் ஊற்றிப் பத்து நாள் வளர்த்துக் கோடிக்கணக்கில் பெருக்குகிறோம். பிறகு அதே நோயாளிக்கு அதே ரத்தக் குழாய் வழியாகத் திருப்பி ஏற்றுகிறோம். அனுப்பும் முன் பார்க்கச் சொல்லியிருப்பவை நாலு விஷயம்: எத்தனை செல், எத்தனை உயிரோடு இருக்கின்றன, மரபணு ஏறியிருக்கிறதா, கிருமி உண்டா.

ஐந்தாவதாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மைட்டோகாண்ட்ரியா.

டி செல் ஒரு புற்றுநோய் செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்கு, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நகர்ந்து வந்து நிற்கும். அது கொடுக்கும் சக்தியில் டி செல் தன் விஷத்தை எதிரிக்குள் இறக்கும், விலகும், அடுத்ததைத் தேடிப் போகும். ஒரு தடவை கொல்வது பெரிய காரியமில்லை. பத்தாவது, இருபதாவது தடவையும் கொல்ல வேண்டும், மாதக்கணக்கில் உடம்பில் பிழைத்துக் கிடக்க வேண்டும். அதற்கு மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருக்க வேண்டும். நல்ல செல்லுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அவை சேமியா மாதிரி நீள நீளமாகப் பின்னிக் கிடக்கும். களைத்துப்போன செல்லில் ரவை மாதிரி உடைந்து சிதறியிருக்கும். அந்தச் செல்லும் உயிரோடுதான் இருக்கும். எண்ணினால் எண்ணிக்கையில் வரும். எதிரி மேல் ஒட்டவும் செய்யும். ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

இந்த ஐந்தாவது பரிசோதனைக்கு நாலு மணி நேரம் போதும். அதைச் செய்முறையில் சேர்க்கும்படி வரைவு எழுதிக் கொடுத்தேன். அப்போது பெட்டி இந்தப் பிரிவுக்குத் தலைவி. என்னை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கூட்டத்தில் பதினொரு பேர் இருந்தோம். பெட்டி என் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஜெரால்டினுக்குக் கணவனும் குழந்தைகளும் மைட்டோகாண்ட்ரியாதான். அவளைப் பொறுத்தவரை இது குடும்ப விஷயம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்தாவது பரிசோதனை நீக்கப்பட்டது. வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"சும்மா ஜோக்குக்குச் சொன்னேன், ஜெரி. அரே, கோவிச்சுக்கிட்டியா? டிரக் கன்ட்ரோல் ஆபீசுல கேக்காத கேள்விக்கு நாம என்னத்துக்குப் பதில் சொல்லணும்? ஜானே தே, விட்டுரு."

எனக்குக் கல்யாணம் ஆகாமல் போன கதை பெட்டிக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். அதைத் தவிர அந்த ஜோக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது நோயாளி கந்தசாமி. ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், நாற்பத்து நாலு வயது. ரத்தம் எடுக்க வந்தபோது நானும் இருந்தேன். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"என் ரத்தத்துல இருந்தே எனக்கு மருந்தா மேடம்? அப்ப எக்ஸ்பயரி டேட்டு கெடையாதுல்ல?" என்றார்.

அவர் செல்கள் எண்ணிக்கையில் நன்றாக வந்தன. நாலு பரிசோதனையிலும் தேறின. நான் என் திருப்திக்காக ஐந்தாவதையும் செய்து பார்த்தேன். ரவை. படத்தை எடுத்துக்கொண்டு பெட்டியின் அறைக்குப் போனேன்.

"இத அனுப்பக் கூடாது பெட்டி. உள்ள எல்லாம் ஒடஞ்சு கெடக்கு."

"எண்ணிக்கை இருக்கா?"

"இருக்கு."

"உயிரோட இருக்கா? கிருமி இல்லியே? அப்பொறம் என்ன?"

"கொல்லாதுடி. ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"அது உன் டெஸ்ட் சொல்லுது. செய்முறை சொல்லல. மறுபடி வளக்க மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் அந்த மனுசன் தாங்குவானா? அனுப்பு."

அனுப்பினேன். நாலாவது மாதம் கந்தசாமி இறந்தார். உங்கள் பிரிவு அறிக்கையில் 'சிகிச்சை பலனளிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறது. தப்பான வாக்கியம் இல்லை.

நாலாவது நோயாளியிலிருந்து நான் மாறினேன். ஆறாம் நாள் காலையில், செய்முறையில் சொல்லியிருக்கும் ஊட்டத் திரவத்துக்குப் பதிலாக, சர்க்கரை குறைந்த, வேறொரு வளர்ச்சிப் புரதம் கலந்த என்னுடைய திரவத்தை மாற்றி ஊற்றினேன். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் செல் அதை அவசரமாக எரித்துச் சுலபமாகப் பெருகும், மைட்டோகாண்ட்ரியாவை மறந்துவிடும். கொஞ்சம் பட்டினி போட்டால் அதனிடம் திரும்பிப் போகும். எண்ணிக்கை சற்றுக் குறையும், ஆனால் தேவையான அளவுக்குக் கீழே போகாது. எட்டாம் நாள் படம் எடுத்துப் பார்ப்பேன். சேமியா.

அந்தப் படங்களைத்தான் நீங்கள் என் கம்ப்யூட்டரில் பார்த்தீர்கள். பதினெட்டு பேரில் மூன்று பேருக்குத்தான் நோய் திரும்பியது. மற்ற இடங்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்புகிறது. நம் கம்பெனி இதைப் பெருமையாக எல்லா மேடையிலும் சொல்கிறது. மேடையில் சொன்னவள் பெட்டி. காரணம் அவளுக்குத் தெரியாது. நம் ஆட்களின் கைத்திறமை என்று சொன்னாள்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் அது அவளுடையதாகியிருக்கும்.

இப்போது பதினேழாவது நோயாளி. நம் கோப்புகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் பிப்ரவரியில் பெட்டி கழுத்தில் ஒரு கட்டியைத் தடவிக்கொண்டே என் லேபுக்கு வந்தாள். ஒரு மாதத்தில் முடிவு வந்தது, கந்தசாமிக்கு வந்த அதே வகைப் புற்றுநோய். இரண்டு சுற்று மருந்து கேட்கவில்லை. தான் உருவாக்கிய சிகிச்சைக்குத் தானே நோயாளியாக வந்து சேர்ந்தாள்.

அவள் செல்களை வளர்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அவள் புருஷன் பெனிஸ்டன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துக்கிடுவேன்னு தெரிஞ்சப்பொறம்தான் எனக்குத் தூக்கமே வருது, ஜெரி" என்றார். நான் தினமும் காலை ஆறரைக்குச் சாங்வியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஏழு மணிக்கெல்லாம் பிம்ப்ரியில் நம் லேபில் அந்தப் பையின் முன்னால் நிற்பேன். வேறு எந்த நோயாளிக்கும் அத்தனை கவனமாக நான் வேலை செய்ததில்லை.

ஆறாம் நாள் காலை. அலமாரியில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் செய்முறைப் புத்தகத்தை எடுத்தேன். வருடக்கணக்கில் அதைத் திறக்க வேண்டிய தேவை வந்ததில்லை. அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். கீழே அங்கீகரித்தவர் என்ற இடத்தில் பெட்டியின் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பக்கத்தில் இருந்தபடியே செய்தேன்.

அவ்வளவுதான். விஷம் கலக்கவில்லை. எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. கூண்டில் ஏற்றி என்னைக் கேட்டாலும், அந்த ஒரு நோயாளிக்குத்தான் நான் எந்த விதியையும் மீறவில்லை என்று சொல்லலாம். கந்தசாமிக்கு அவள் எதைக் கொடுக்கச் சொன்னாளோ அதையே அவளுக்கும் கொடுத்தேன். அவள் பிழைத்திருப்பாள் என்று உறுதியாக யாரும் சொல்ல முடியாது. என் முறையில் வளர்த்தும் மூன்று பேருக்கு நோய் திரும்பியதே.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளை விட்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மாலை நான் அவுந்தில் அவள் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் பச்சை நிற ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். பெனிஸ்டன் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன்.

"ஒண்ணு கேப்பேன், ஜெரி. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளு."

"என் செல்லுக்கு உன் டெஸ்ட்டப் போட்டுப் பாரு. மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட்டு. சரியில்லேன்னா எப்படியாவது சரியாக்கு. உன்னால முடியும், எனக்குத் தெரியும்."

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"நீ சொன்னதுதான் சரி. அந்தக் கந்தசாமி விசயத்துலயும் நீ சொன்னதுதான் சரி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேயா?"

"படத்தப் பாத்ததும் தெரிஞ்சுது. மூணு வாரம் தள்ளிப்போனா மேல இருக்கறவங்க என்னத் தின்னுருவாங்க. நா பயந்துட்டேன், ஜெரி. உன்னைய வேற பாத்து எல்லாரும் சிரிக்க வச்சேன். மன்னிச்சிரு."

அழுதாள். நான் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஒன்பது வருடமாக 'நீ சொன்னதுதான் சரி' என்ற அந்த வாக்கியத்தை அவள் சொல்லுவது போல நான் மனதுக்குள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். குளிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, சர்ச்சில் அவள் பாட நான் பக்கத்தில் நிற்கும்போது. நான் கேட்ட எல்லாத் தடவையும் அறையில் ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கு யாருமே இல்லை. ஏ.சி. சத்தம் மட்டும்தான்.

"பாக்கேன். நீ கவலப்படாத" என்றேன்.

மறுநாள் காலையில்தான் செய்முறைப் புத்தகத்தைத் திறந்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன். எட்டாம் நாள் அவள் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். கந்தசாமியுடையதைவிட மோசம். அந்தப் படமும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ப்ரீதி. நீங்கள் திறந்த ஃபோல்டருக்கு அடுத்தது. நீங்கள் விதிமீறலைத் தேடிக்கொண்டிருந்ததால் அதைத் திறக்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பெட்டிக்குப் போன் செய்தேன்.

"எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லு" என்றாள்.

"நூல் நூலா இருக்குடி. இவ்வளவு அழகா நான் பாத்ததேயில்ல."

அந்தப் பக்கத்தில் அவள் பெனிஸ்டனைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஜெபம் செய்தார்கள். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெபத்தில் என் பெயரும் வந்தது.

செல்களை ஏற்றிய பிறகு முதல் மாதம் நன்றாக இருந்தாள். கட்டி சுருங்கியது. களைத்த செல்லும் முதல் சண்டையைப் போடும். நான் வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப் வைத்து எடுத்துப்போனேன். அதில் ஒன்றும் இல்லை. வெறும் சூப்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஞாயிறு பள்ளி நாட்களுக்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை. இரண்டாவது மாதம் அவள் ரத்தத்தில் நம் செல்களைத் தேடினால் கிடைக்கவில்லை. நாலாவது மாதம் கட்டி திரும்ப வந்தது, வயிற்றிலும் வந்தது.

அப்போதும் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "உன் கைல ஒரு தப்பும் இல்ல, ஜெரி. என் ஒடம்புதான் வாங்கிக்கிடல" என்றாள். மற்றவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள். வந்தவர்களிடமெல்லாம் என் பரிசோதனையைப் பற்றியும் சொன்னாளாம். நான் பத்து வருடம் முன்னால் போய் யோசிப்பவளாம். இதைப் பெனிஸ்டன் அடக்கத்தன்று எனக்குச் சொன்னார். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கந்தசாமிக்காகச் செய்தேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அது நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் அவர் மனைவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டதும் இல்லை.

கடைசியாக ஒன்று. இதை நீங்களாகவே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை ரத்தம் எடுக்கும்போது கிடைக்கும் டி செல்களில் பாதியை வளர்க்கிறோம். மீதிப் பாதியை இன்னொரு பையில் உறைய வைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் ஒரு வருடம் பத்திரமாக வைக்கிறோம். நோய் திரும்பினால் மறுபடி ஒரு முறை முயற்சி செய்வதற்காக. பெட்டிக்கு நோய் திரும்பியதும் அவளுக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் தேஜஸ் எனக்குப் போன் செய்தார். "அந்த இரண்டாவது பை இருக்கிறதா மேடம்? இப்போது ஆரம்பித்தால் தாக்குப்பிடிப்பார்" என்று இந்தியில் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பை இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆறாம் நாள் திரவத்தை மாற்றி என் முறையில் வளர்த்தால் அவள் பிழைக்க நல்ல வாய்ப்பிருந்தது. பிழைத்தால் அடுத்த மாநாட்டில் மேடையேறி, மைட்டோகாண்ட்ரியா தன்னைக் காப்பாற்றிய கதையை அவள்தான் சொல்லுவாள். நன்றாகச் சொல்லுவாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். என் பெயரையும் சொல்லுவாள், நிச்சயமாகச் சொல்லுவாள், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிப்பேன்.

பையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தேன். பகல் பதினொரு மணி. லேபில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்புறத்தில் இருந்த பனி முதலில் உருகியது. உள்ளே இருப்பது நீராக மாறியது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தேன். உருகிய செல்கள் வெளியே சில மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பையில் விரிசல் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னேன். பிறகு முறைப்படி அழிப்புப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். அது உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, நீலநிறக் கோப்பு. காரணம் என்ற இடத்தில், 'நோயாளிக்கு இனித் தேவைப்படாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டிருக்கிறேன்.

தேதியைப் பாருங்கள், ப்ரீதி. அதற்குப் பிறகு பெட்டி பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தாள்.